நிலக்கரி மலையின் செனட்டர்: ராபர்ட் பேர்ட் தன் ஜனங்களுக்கு என்ன செய்தார்?

தேவிகுளத்திலிருந்து எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: அமெரிக்காவின் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ராபர்ட் பேர்ட் என்பவர் 51 வருஷம் செனட்டராக இருந்தாராம். இளவயதில், கறுப்பின மக்களுக்கு எதிரான வெள்ளையர் இயக்கமான கூ கிளக்ஸ் கிளானில் இருந்தவராம். அப்படிப்பட்டவரை அந்த ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்? சுரங்கத் தொழிலாளிகளுக்கு அவர் உண்மையில் என்ன செய்தார்? நம் தோட்டப் பகுதிக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்காகவே இதை நீளமாக எழுதுகிறேன். நானும் மூணாறு எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் அமெரிக்க அரசியலமைப்புப் பாடம் நடத்தியபோது, பாடத்தில் வரும் பெயர்களில் இந்த ஒரு பெயர் மட்டும் நம்ம ஊர்க் கதை போலவே எனக்குப் படும்.

சுருக்கமான பதில் முதலில். அவர் அத்தனை காலம் நிலைத்ததற்கு அவருடைய உழைப்பு பாதிக் காரணம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் அமைப்பு மீதிப் பாதி. தொழிலாளிகளுக்கு அவர் நிறையவே செய்தார். ஆனால் எல்லாவற்றையும் விட அவசியமான ஒன்றை, அதாவது நிலக்கரியை மட்டும் நம்பி இனி இருக்க முடியாது என்று தன் ஜனங்களிடம் முகம் பார்த்துச் சொல்வதை, 92 வயது வரை தள்ளிப்போட்டார். அந்தத் தாமதத்தின் விலையை அந்த ஊர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இனி விரிவாக.

பேர்ட் 1917 நவம்பர் 20 அன்று வட கரோலினாவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கார்னீலியஸ் கால்வின் சேல். 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சலில் தாய் இறந்துபோக, குழந்தையை அத்தையும் மாமாவும் எடுத்து வளர்த்தார்கள். மாமா டைட்டஸ் பேர்ட் சுரங்கத் தொழிலாளி. மேற்கு வர்ஜீனியாவின் ராலே மாவட்டத்தில் ஸ்டோட்ஸ்பரி என்ற சுரங்க ஊரில் பையன் வளர்ந்தான். 1934-ல் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான், கல்லூரிக்குப் போகக் காசில்லை. பெட்ரோல் பங்க்கில் வேலை, மளிகைக் கடையில் வேலை, கறி வெட்டும் வேலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் தளத்தில் வெல்டிங். 1937-ல் கல்யாணம் செய்துகொண்ட எர்மாவும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்.

அந்தக் காலத்துச் சுரங்க ஊர் எப்படி இருந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கப் பெரும்பாடு பட வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனியுடையது. பல இடங்களில் கூலியே பணமாக வராது, கம்பெனி அடித்த வில்லையாக வரும், அது கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும். டாக்டர் கம்பெனி ஆள். காவலுக்கு நிற்கிறவனும் கம்பெனி ஆள். வேலைநிறுத்தம் செய்தால் சாமான்களைத் தூக்கி ரோட்டில் போட்டுவிடுவார்கள். 1921-ல் அதே மாநிலத்தில் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் துப்பாக்கியோடு சங்க உரிமைக்காகப் போராடி, கடைசியில் ராணுவம் வந்துதான் அது அடங்கியது. பேர்டுக்கு அப்போது மூன்று வயது. நம் லயத்திலும் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓய்வுபெற்ற கையோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு, அப்பா வழி ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தென்காசிப் பக்கமும் தேனிப் பக்கமும் இறங்கிப்போன குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தோம். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும் இடத்தில், அந்தக் கைக்கு வெளியே ஒரு பிடிமானத்தை ஜனங்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். பேர்ட் அந்தப் பிடிமானமாக வந்தார் என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு அடிப்படைப் பதில்.

1946-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டார். நல்ல ஃபிடில் வாசிப்பார், அதைத் தூக்கிக்கொண்டே மலைப் பள்ளத்தாக்குகளில் ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார். 1950-ல் மாநில மேலவை, 1952-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, 1958-ல் செனட். 1959 ஜனவரி 3 முதல் 2010 ஜூன் 28-ல் இறக்கும் வரை செனட்டர், ஒன்பது முறை தேர்வானவர். நின்ற எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை. 1976-ல் அவரை எதிர்த்து நிற்கக்கூட ஆள் இல்லை. 2000-ல் மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் முதலிடம். செனட்டில் இவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் கிடையாது.

இதற்கு நடுவில் வேலைக்குப் போகிற மற்ற இளைஞர்களைப் போல ராத்திரி வகுப்பில் சட்டம் படித்தார். பத்து வருஷம் ஆயிற்று. 1963-ல் வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது, விழாவுக்கு வந்து பேசியவர் அதிபர் கென்னடி. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே சட்டப் படிப்பைத் தொடங்கி முடித்தவர் என்ற வகையில் அவர் அபூர்வம். சட்டைப் பையில் அரசியலமைப்புப் புத்தகம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார்.

இப்போது செனட்டின் அமைப்புக்கு வருகிறேன். இது புரியாவிட்டால் பேர்ட் புரியமாட்டார்.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக்கு மக்களவையில் 80 இடம், கேரளத்துக்கு 20. மாநிலங்களவையிலும் அவர்களுக்கு 31, நமக்கு 9. சின்ன மாநிலத்தின் குரல் இரண்டு அவையிலும் சின்னதுதான். அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை அப்படி, செனட் அப்படியில்லை. கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், இருபது லட்சம்கூட இல்லாத மேற்கு வர்ஜீனியாவுக்கும் இரண்டு செனட்டர். பேர்ட் பிரதிநிதிகள் சபைக்குப் போன காலத்தில் அவர் மாநிலத்துக்கு அங்கே ஆறு இடம். அவர் இறக்கும்போது அது மூன்றாகச் சுருங்கியிருந்தது. சுரங்கத்தில் இயந்திரம் வந்து ஜனங்கள் வெளியேற வெளியேற அந்தச் சபையில் மாநிலத்தின் பலம் கரைந்தது. செனட்டில் மட்டும் இரண்டு இரண்டாகவே நின்றது.

இதோடு மூப்பு என்ற வழக்கம் சேர்ந்துகொள்கிறது. செனட்டில் குழுத் தலைமை பெரும்பாலும் அந்தக் குழுவில் அதிக வருஷம் இருக்கும் ஆளுங்கட்சி உறுப்பினருக்குப் போகும். ஆகவே ஒரு செனட்டரை மாற்றினால் அந்த மாநிலம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பழைய ஆளையே அனுப்பினால் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறும். ஓட்டுப் போடுகிற சுரங்கத் தொழிலாளிக்கு இது நன்றாகத் தெரியும். 82 வயதிலும் 88 வயதிலும் அவருக்கு ஓட்டுப் போட்டதற்குப் பாசத்தோடு இந்தக் கணக்கும் காரணம்.

1959-ல் புதிதாக வந்த பேர்டை, அப்போது செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சன் நேராக நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் போட்டார். எந்தத் துறைக்கு எவ்வளவு, எந்த ஊருக்கு எந்தக் கட்டடம் என்று எழுதுகிற இடம் அது. அதிலிருந்து அவர் கடைசி வரை விலகவில்லை. கட்சியிலும் மேலே ஏறினார். 1971-ல் எட்வர்ட் கென்னடியையே 31-24 என்று தோற்கடித்துக் கட்சிக் கொறடா ஆனார். பெரிய குடும்பம், பெரிய பெயர் எதிரே நிற்க, இவர் ஜெயித்தது சின்னச் சின்ன உதவிகளால். யாருடைய மசோதா எப்போது வரும், யாருக்கு எந்த நேரம் தோது என்று ஒவ்வொரு செனட்டருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தார். 1977 முதல் 1981 வரையும், பிறகு 1987 முதல் 1989 வரையும் பெரும்பான்மைக் கட்சித் தலைவர்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். 1989-ல் அந்தத் தலைமைப் பதவியைத் தானாக விட்டுவிட்டு நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானார். டிவியில் முகம் தெரியும் பதவியை விட்டு, கையெழுத்துக்கு மதிப்புள்ள பதவிக்குப் போனார். ஐந்து வருஷத்தில் தன் மாநிலத்துக்கு நூறு கோடி டாலர் கொண்டுவருவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்ன காலத்துக்கு முன்பே கொண்டும் வந்தார். எஃப்.பி.ஐ.யின் கைரேகை மையம் வாஷிங்டனிலிருந்து கிளார்க்ஸ்பர்க் என்ற சின்ன ஊருக்கு 1995-ல் மாறியது, ஆயிரக்கணக்கானோருக்கு நிலையான சம்பளம். கடலே இல்லாத மாநிலத்தில் கடலோரக் காவல்படையின் அலுவலகங்கள் வந்தன. கிரீன் பேங்க் என்ற மலைக் கிராமத்தில் பழைய ரேடியோ தொலைநோக்கி 1988-ல் சரிந்து விழுந்தபோது, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டப் பணம் வாங்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. மலையைக் குடைந்து போட்ட நெடுஞ்சாலைகள் பல. அவர் பெயர் தாங்கிய சாலைகள், பாலங்கள், மருத்துவமனைக் கட்டடங்கள் எண்ணி மாளாது.

பொதுப்பணத்தைத் தன் ஊருக்கு அள்ளிப்போகிறார் என்று வாஷிங்டனில் கடுமையாகத் திட்டினார்கள். அந்தத் திட்டில் எனக்குப் பாதிதான் சம்மதம். நூறு வருஷம் அந்த மலையின் நிலக்கரி வெளியூர் ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் போனது. லாபமும் வெளியே போனது. ஊருக்கு மிஞ்சியது கழிவுக் குவியலும் நோயாளிகளும். அதில் ஒரு பங்கைச் சாலையாகவும் மருத்துவமனையாகவும் திருப்பிக் கேட்பதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூணாற்றிலிருந்து ஒரு பெரிய நோய்க்குக் கோட்டயத்துக்கோ மதுரைக்கோ ஓடியவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்தத் திட்டின் மறுபாதி நியாயமானது. அத்தனை பணமும் ஒரு மனிதரின் வயதையும் மூப்பையும் நம்பி வந்தது. அவர் இறந்த சில மாதங்களில், 2011 முதல், உறுப்பினர்கள் தனித் தனித் திட்டங்களுக்குப் பெயர் குறித்து நிதி எழுதும் வழக்கத்தையே நாடாளுமன்றம் பத்து வருஷத்துக்கு நிறுத்திவைத்தது. வந்த அலுவலகங்களில் பலவும் மாநிலத்தின் வடக்கிலும் கிழக்கிலும் நின்றன. தெற்கே, நிலக்கரியின் நெஞ்சுப் பகுதியான மெக்டவல் மாவட்டத்தில் 1950-ல் கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2010-ல் 22 ஆயிரம் பேர். போட்ட சாலைகளில் ஜனங்கள் வேலை தேடி வெளியே போனார்கள்.

சரி, சுரங்கத் தொழிலாளிக்கு நேரடியாக என்ன செய்தார்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பெருமை பேர்டுக்குச் சேராது, தொழிலாளிகளுக்கே சேரும். 1968 நவம்பர் 20 அன்று ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். சங்கத்தின் தலைவர் டோனி பாயில் சம்பவ இடத்துக்கு வந்து, பாதுகாப்பில் இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்கிற ரீதியில் பேசினார். விதவைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளிகள் சுமார் 40 ஆயிரம் பேர், தலைமை கூப்பிடாமலே, நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மாநிலச் சட்டசபை சில வாரங்களில் சட்டம் போட்டது. அதே வருஷம் டிசம்பரில் மத்தியச் சட்டமும் வந்தது. அதற்காக முன்னால் நின்று சண்டை போட்ட அரசியல்வாதி அதே மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கென் ஹெக்லர். பேர்ட் செனட்டில் துணை நின்றார்.

2015 செப்டம்பரில் மூணாறு டவுனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்று தாங்களே ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் போனஸ் கைக்கு வந்தது. 1969-ம் இதுவும் வேறு வேறு நாடு, வேறு வேறு தொழில். ஆனால் சங்க அலுவலகமும் கம்பெனி அலுவலகமும் நெருங்கிப் பழகிவிட்டால் தொழிலாளி நடுவில் தனியாக நிற்பான் என்பதை இரண்டு மலையும் அறிந்திருந்தன. உங்கள் கட்டுரையில் இதை அவசியம் சேருங்கள். சட்டசபைக்காரரின் வரலாற்றை எழுதும்போது தெருவில் உட்கார்ந்தவர்களை விட்டுவிடக் கூடாது.

பேர்டின் சொந்த முயற்சி என்று நான் மதிப்பது 1990-ல் நடந்தது. அமில மழையைத் தடுக்கும் தூய காற்றுச் சட்டத் திருத்தம் அப்போது வந்தது. மின்நிலையங்கள் கந்தகம் அதிகமுள்ள நிலக்கரியை விட்டு வேறு நிலக்கரிக்கு மாறும், அதனால் அவர் மாநிலத்துச் சுரங்கங்கள் பல மூடும் என்பது தெரிந்த விஷயம். வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சில வருஷம் சம்பளத்தில் ஒரு பகுதியும் மறுபயிற்சியும் அரசே தர வேண்டும் என்று பேர்ட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செலவு அதிகம் என்று சொல்லச் சொல்லக் குறைத்துக்கொண்டே வந்து 50 கோடி டாலரில் நிறுத்தினார். அதிபர் புஷ் எதிர்த்தார். பேர்டின் சொந்தக் கட்சித் தலைவர் மிட்செலும் எதிர்த்தார். ஒவ்வொரு செனட்டராகப் பிடித்துப் பழைய உதவிகளை நினைவூட்டி ஓட்டுக் கேட்டார் பேர்ட். மார்ச் 29 அன்று 49-50 என்று, ஒரே ஓட்டில் தோற்றார்.

ஒரு தொழில் மறையும்போது அதில் உழைத்தவனை யார் பார்ப்பது என்ற கேள்வியை இன்று உலகம் முழுக்கப் பருவநிலை மாநாடுகளில் பேசுகிறார்கள். பேர்ட் அதை 1990-லேயே, ஒரு சட்ட வாசகமாக, தொகையோடு எழுதிக் கொண்டுவந்தார். அந்த ஒரு ஓட்டு கிடைத்திருந்தால் அவர் மாநிலம் இருக்கும் அப்பலாச்சிய மலைகளின் அடுத்த இருபது வருஷம் வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு அவர்மேல் வருத்தம் அதற்குப் பிறகுதான். தோற்றதும் அந்த வழியை அவர் விட்டுவிட்டார். தொழிலாளியைக் காப்பதற்குப் பதிலாக நிலக்கரியையே காப்பது என்று திரும்பினார். 1997-ல் செனட்டர் சக் ஹேகலோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த தீர்மானம் 95-0 என்று நிறைவேறி, கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்துக்கு அமெரிக்க செனட்டின் கதவைச் சாத்தியது. 1999-ல், மலை உச்சியையே வெடிவைத்துத் தகர்த்து அடியில் உள்ள நிலக்கரியை எடுக்கும் முறைக்கு எதிராக ஒரு மத்திய நீதிபதி தீர்ப்புச் சொன்னபோது, அந்தத் தீர்ப்பை முறியடிக்க நிதி மசோதாவில் ஒரு வரியைச் சொருகப் பாடுபட்டார். அந்த முறையில் வேலைக்கு ஆள் மிகக் குறைவு. பெரிய இயந்திரங்களே எல்லாம் செய்யும். 1940-களில் அந்த மாநிலத்தில் லட்சத்துக்கு மேல் சுரங்கத் தொழிலாளிகள், பேர்டின் கடைசிக் காலத்தில் சுமார் 20 ஆயிரம். நிலக்கரி நிறைய வந்தது, வேலை வரவில்லை. கணக்குகளைக் கரைத்துக் குடித்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

கிளான் விஷயத்துக்கு வருகிறேன். இதை மழுப்பக் கூடாது. 1940-களின் தொடக்கத்தில் சோஃபியா என்ற ஊரில் சுமார் 150 பேரைச் சேர்த்து அவரே ஒரு கிளைக்குத் தலைவரானார். கறுப்பின வீரர்களோடு ஒரே படையில் போரிடமாட்டேன் என்று போர்க் காலத்தில் ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். இயக்கத்தை விட்டுவிட்டேன் என்று பிற்பாடு சொன்ன காலத்துக்கும் அப்பால், 1946-ல், நாடு முழுக்க கிளான் வளர வேண்டும் என்று அதன் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. இளவயதுத் தப்பு என்று அதோடு முடித்துவிடலாம் என்றால், 1964 இருக்கிறது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க ஜூன் 9 அன்று மாலை எழுந்து 14 மணி நேரத்துக்கு மேல் விடாமல் பேசினார். அப்போது அவர் 46 வயது செனட்டர். அடுத்த வருஷம் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். 1960-களில் தலைநகர் வாஷிங்டனின் நிதியைப் பார்க்கும் துணைக்குழுவின் தலைவராக இருந்து, உதவித்தொகை வாங்கும் ஏழைத் தாய்மார்களின் வீடுகளில் ஆண்கள் ஒளிந்திருக்கிறார்களா என்று சோதனை போட வைத்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அவர் மாநிலத்தின் தெற்குச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளிகள் ஏராளம். சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1890-ல் தொடங்கியபோதே எல்லா நிறத்தவரையும் சேர்த்துக்கொண்ட சங்கம். பூமிக்கு அடியில் ஒரே தூசியைச் சுவாசித்தவர்களில் ஒரு பகுதியினரின் ஓட்டுரிமைக்கு எதிராக அவர்களுடைய செனட்டரே நின்றார்.

பிறகு மாறினார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் 1983 சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். கிளானில் சேர்ந்தது தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்று பலமுறை சொன்னார், எழுதினார். ஆனாலும் 2001-ல் ஒரு டிவி பேட்டியில் பழைய இழிசொல் வாயிலிருந்து வந்து மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 2008 மே மாதம் தன் மாநிலம் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஒபாமாவைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்த அடுத்த வாரமே, ஒபாமாவுக்கு ஆதரவு என்று அறிவித்தார். அவர் இறந்தபோது கறுப்பின மக்களின் மூத்த உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. இரங்கல் தெரிவித்தது. அவர்கள் மன்னித்தார்கள் என்றால் அது அவர்களுடைய உரிமை. சாலை போட்டார், ஆகவே பரவாயில்லை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சாதி பார்த்துப் பேசிவிட்டு ஊருக்குக் குழாய் போட்டுத் தந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஈராக் போரை 2002-ல் எதிர்த்த 23 செனட்டர்களில் அவரும் ஒருவர். செனட் வாய்மூடி நிற்கிறதே என்று 2003 பிப்ரவரியில் பேசியது உலகம் முழுக்கப் பரவியது. அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே விட்டுவிடுகிறேன்.

கடைசி ஏழெட்டு மாதங்களுக்கு வருவோம். 2009 டிசம்பர் 3 அன்று பேர்ட் ஒரு அறிக்கை வெளியிட்டார். நிலக்கரித் தொழில் மாற்றத்தை எதிர்த்துக்கொண்டே இருக்க முடியாது, மலையுச்சியைத் தகர்ப்பதற்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு இல்லை, இயந்திரங்கள் வந்து வேலைகள் குறைந்துவிட்டன, தொழிலாளிகளுக்குப் பயம் காட்டி ஆத்திரமூட்டுவது அவர்களுக்கே தீங்கு என்றெல்லாம் சொன்னார். கம்பெனிகளுக்கு அதிர்ச்சி. 1999-ல் மேடையேறிக் கைதட்டு வாங்கிய அதே மனிதர்தானா என்று ஊரில் கேட்டார்கள். எனக்கு அந்த அறிக்கையை வாசிக்கும்போதெல்லாம், இதை 1991-ல் சொல்லியிருந்தால் என்றுதான் தோன்றும். அவர் சொன்னால் நம்பும் ஜனங்கள் அப்போது இருந்தார்கள். தோற்கடிக்க யாராலும் முடியாத ஒருவரே கசப்பான உண்மையைச் சொல்ல முடியாமல் இருந்தால், வேறு யார் சொல்வார்கள்?

2010 ஏப்ரல் 5 அன்று அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். அது அவர் வளர்ந்த அதே ராலே மாவட்டம். மே மாதம் செனட் விசாரணைக்குச் சக்கர நாற்காலியில் வந்து, கம்பெனித் தலைவர் பிளாங்கன்ஷிப்பை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அடுத்த மாதம் இறந்துபோனார்.

நம் பகுதிக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் என்று கேட்டீர்கள். நீண்ட காலம் இருந்தவர்கள் நமக்கும் உண்டு. 1957-ல் ரோசம்மா புன்னூஸ் தேவிகுளத்திலிருந்து போய் கேரளச் சட்டசபையில் முதல் உறுப்பினராகப் பதவி ஏற்றார். பிற்காலத்தில் ஏ.கே. மணி மூன்று முறை, எஸ். ராஜேந்திரன் மூன்று முறை, ஆளுக்குப் பதினைந்து வருஷம். 2021-ல் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். ஆனால் 140 பேர் சபையில் ஒரு எம்.எல்.ஏ. எத்தனை வருஷம் இருந்தாலும், மூப்பை மட்டும் வைத்து மாநில வரவுசெலவுத் திட்டத்தில் கைவைக்கும் குழு எதற்கும் தலைவராக முடியாது. பட்ஜெட் அமைச்சரவையின் கையில் இருக்கிறது. பேர்டுக்குக் கிடைத்த கருவியே நம் அமைப்பில் இல்லை. ஆகவே பேர்ட் மாதிரி ஒருவர் இங்கே வந்தாலும் நூறு கோடி கொண்டுவந்திருக்க மாட்டார்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது பணம் கொண்டுவரும் வித்தை கிடையாது, சட்டத்தில் சரியான இடத்தில் சரியான இரண்டு வரியைச் சேர்க்கும் வித்தை. அதற்கு அவர் வாழ்க்கையிலேயே நல்ல உதாரணம் 2010 மார்ச்சில் வந்த ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அந்த மசோதாவுக்கு ஓட்டுப் போட 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, உடம்பு முடியாத நிலையில், சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டுவந்தார்கள். தொள்ளாயிரம் பக்கம் தாண்டிய அந்தச் சட்டத்தில் 1556-வது பிரிவு அவருடையது. மிகச் சின்னப் பிரிவு. 

கருநுரையீரல் நஷ்டஈடு வாங்க, தன் மூச்சுத் திணறலுக்கு நிலக்கரித் தூசிதான் காரணம் என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும் என்று 1981-ல் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். கம்பெனி வக்கீல் ஒரு டாக்டரைக் கூட்டிவந்து சிகரெட்தான் காரணம் என்பார். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், ஆள் நடுவில் போய்விடுவார். அவர் நஷ்டஈடு வாங்கிக்கொண்டிருந்தவராக இருந்தாலும், இறந்த பின் மனைவி மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். பேர்ட் இரண்டையும் மாற்றினார். 15 வருஷம் அடிச் சுரங்கத்தில் வேலை செய்து, நுரையீரல் கெட்டு உழைக்க முடியாமல் போனால், காரணம் தூசிதான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. நஷ்டஈடு பெற்றவரின் மனைவிக்கு அது தானாகவே தொடரும்.

ஆய்வுக்கு இவரை எடுப்பதானால் 51 வருஷத்தையும் பிறப்பிலிருந்து வரிசையாக எழுதாதீர்கள். 1990-ன் ஒரு ஓட்டுத் தோல்வி, 2009 அறிக்கை, இந்த 1556-வது பிரிவு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். கூடவே நம் பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 2025-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, வேலையில் இருப்பவருக்கு வீடு தர வேண்டும் என்றது. வேலை முடிந்த மறுநாளுக்கு அதில் என்ன வரி இருந்தது, இப்போதைய சட்டத்தில் என்ன வரி சேர்க்கலாம் என்று எழுதிப் பாருங்கள். எழுதியதை அனுப்பினால் வாசித்துச் சொல்கிறேன்.